பச்சைப் பட்டன்

"தினமும் கறுப்புத் திரையில என்னத்தையோ தட்டி சரக்குப் பட்டியல் எடுக்கிறே. எனக்கு ஒரு எழவும் புரியலை. அந்தப் புரோகிராமுக்குப் பெரிசா ஒரு பட்டன் வை," என்றார் மேனேஜர்.

மூன்று வாரம் உழைத்துப் பச்சையாக ஒரு பட்டன் வைத்தேன். முதலாளி முன்னால் மேனேஜரே அழுத்தினார். பட்டியல் வந்தது.

"இனி இவன் எதுக்கு சார்? நானே பார்த்துக்கிறேன்!"

என் சீட்டு அன்றே கிழிந்தது. பையைத் தூக்கும்போது டைப்பிஸ்ட் அக்கா கவலைப்பட்டாள்.

"பட்டன் மக்கர் பண்ணினா யாரு தம்பி பார்ப்பா?"

"பட்டியல் தினமும் ஆறு மணிக்குத் தானாவே தயாராயிடுதுக்கா, நாலு வருஷமா. பட்டன் அதைத் திறந்து காட்டும், அவ்வளவுதான். நான் தட்டினதுகூட சும்மா பாவ்லாதான்."

பின்னால் முதலாளியின் குரல் கேட்டது.

"அப்படியா? மேனேஜரையும் பையை எடுத்துக்கச் சொல்லும்மா."