வெந்நீர் அறை

கோத்தகிரியில் அந்தப் பழைய பங்களாவை, குதிரை லாயம், வெந்நீர் அறை, பழத்தோட்டத்தோடு சேர்த்து விற்ற ஸ்டெல்லா அம்மாள், சாவியைக் கொடுக்கும்போது மரகதத்திடம் சொன்னார்: "தினமும் சாயங்காலம் பின்னாடி ரூம்ல அண்டா நிறைய வெந்நீர் வச்சிடுங்க."

"யாரு குளிக்க?"

"தெரியாதும்மா. காலையில அண்டா காலியா இருக்கும்."

மரகதத்தின் கணவர் குணசீலன் சிரித்தார். ஆனாலும் மரகதம் ஒரு மாதம் வெந்நீர் வைத்தாள். தினமும் காலையில் அண்டா காலியாக இருந்தது. தரையில் சோப்பு நுரை கிடந்தது. பயந்துபோன குணசீலன் அந்த அறையைப் பூட்டிவிட்டார்.

அன்று சாயங்காலம் பூட்டிய கதவை உள்ளேயிருந்து யாரோ மெதுவாகத் தட்டினார்கள். குளிரில் பற்கள் அடித்துக்கொள்ளும் ஓசையும் கேட்டது.

"போகாத மரகதம்."

அவள் விறகை அள்ளிக்கொண்டு சாவியை எடுத்தாள்.

"பாவம், குளிருதுங்க அதுக்கு."