முதல் வரி

எழுத்தாளர் முதல் வரியை எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், அதையும் அழித்தார். செல்போன் திரை மறுபடி காலியானது.

"கதை எங்கேய்யா? அச்சுக்குப் போகணும்!" பத்திரிகை ஆசிரியர் வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

'காலையில் நீ போன பிறகு நான் சமையலறைக்குள் நுழைந்தேன்...'

"பேஷ்! விஷயத்தைக் கடைசி வரைக்கும் அமுக்கி வை. நான் சொல்லிக்கொடுத்தது வீண் போகல."

எழுத்தாளர் அந்த வரியையும் அழித்தார். இத்தனை வருஷம் பழகிய விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தன. பல்லைக் கடித்துக்கொண்டு வேறொன்றை எழுதினார்.

"என்னய்யா இது! எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைச்சுட்டா, அப்புறம் கதை ஏது?"

"இது கதையில்ல சார்."

அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். போன் அடித்தது. மனைவி!

"தெருவுல நிக்கிறேங்க. ஸ்கூல்ல போனை சைலன்ட்ல போட்டவ, நீங்க கூப்பிட்டதைப் பார்க்கவே இல்ல. ஜலதோஷத்துல வாடையும் தெரியல. கதவைத் திறந்து சுவிட்சுல கை வைக்கப் போனேன், திரையில உங்க வரி வந்துச்சு. 'கேஸ் கசியுது, லைட் போடாதே, வெளியே ஓடு.' ஓடி வந்துட்டேன்."

காலையில் ஆசிரியர் போனில் விரட்டியதும், திருகிய அடுப்பைப் பற்றவைக்காமலே எழுத்தாளர் கிளம்பியிருந்தார். பத்திரிகை அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது.

எழுத்தாளர் நாற்காலியில் சரிந்தார். கண் கலங்கிவிட்டது.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" மனைவியின் குரலும் உடைந்திருந்தது. "கல்யாணமானதுலேர்ந்து நீங்க எழுதினதுல, நான் முழுசாப் படிச்சது இதுதாங்க."