மஞ்சள் ஹெல்மெட்

"யாரும்மா அந்தப் பையன்? பேரைச் சொல்லு!"

செக்ரட்டரி ஸ்ரீநிவாசராகவன் போட்ட சத்தத்தில், பொழிச்சலூருக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்த விமானமே அடங்கிப்போனது.

"என் ஸ்கூட்டர், சார். யாருக்குக் குடுத்தேன்னு சொல்ல மாட்டேன். ப்ராமிஸ் பண்ணியிருக்கேன்" என்றாள் தனியாகக் குடியிருக்கும் மாளவிகா. அவள் குரலும் ஒன்றும் குறைச்சல் இல்லை.

எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு அறுபத்துநாலு விதிகள். அத்தனையும் செக்ரட்டரி எழுதியவை. பால்கனியில் துணி காயக் கூடாது. லிஃப்டில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது. காலை ஆறு மணிக்கு முன் கேட்டைத் தாண்டினால் ரிஜிஸ்டரில் பேரும் காரணமும் எழுத வேண்டும்.

கேமராவிலோ ஒரு வாரமாக, ஐந்து மணிக்கு, மஞ்சள் ஹெல்மெட்டும் ரெயின்கோட்டுமாக ஓர் உருவம் மாளவிகாவின் ஸ்கூட்டரில் வெளியே போகிறது. ரிஜிஸ்டரில் ஓர் எழுத்து இல்லை.

"ராத்தங்கிட்டுப் போறான், வேறென்ன?" என்றார் மூன்றாம் மாடி சிட்டிபாபு. எங்கள் எல்லோருக்கும் அதே எண்ணம்தான். வாய்விட்டுச் சொன்னது அவர்.

"அந்த நேரத்துல நான் மொட்டை மாடியில யோகா பண்ணிண்டிருப்பேன். இல்லேன்னா கையும் களவுமாப் பிடிச்சிருப்பேன்!" மாளவிகா முப்பது நாளில் காலி செய்ய வேண்டும் என்று மினிட்ஸ் எழுத ஆரம்பித்தார் செக்ரட்டரி.

கூட்டங்களில் வாயே திறக்காத அவர் மனைவி சாவித்ரி மாமி எழுந்தார். "வண்டி கொடுத்தவ மேல என்ன தப்பு? ஓட்டினவா எந்த வீடோ, அந்த வீடு காலி பண்ணணும்னு எழுதுங்கோ. யாரா இருந்தாலும்னு போடுங்கோ."

"பாத்தேளா, நியாயம்னா இது!" பூரித்துப்போய்க் கையெழுத்திட்டார் அவர். பையன் மாளவிகா வீட்டில் தங்குகிறவன்தானே, எப்படி எழுதினால் என்ன? எல்லோரும் வலது கையைத் தூக்கினோம். மாமி மட்டும் இடது கை. வலது முழங்கையில் கட்டு, பாத்ரூமில் வழுக்கிவிட்டதாம்.

முப்பதாம் நாள், விடியற்காலை ஐந்தரைக்கு வாசலில் மினி லாரி. மாளவிகாவை வழியனுப்ப, சரி, வேடிக்கை பார்க்க, எல்லா பால்கனியும் நிரம்பிவிட்டது. மாளவிகாவும் தன் பால்கனியில் காபியோடு நின்று எங்களையே வேடிக்கை பார்த்தாள்.

லாரியில் ஏறியது செக்ரட்டரி வீட்டு பீரோ. அனகாபுத்தூரில் தனி வீடாம். பார்த்து அட்வான்ஸ் கொடுத்தது மாமியாம். அங்கே அசோசியேஷன் கிடையாதாம்.

செக்ரட்டரி குனிந்து, ரிஜிஸ்டரில் 'காரணம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்து யோசித்துக்கொண்டிருந்தார். மாமி மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, புது ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

"ஏன்னா, எழுதினது போறும். பின்னாடி ஏறி உக்காருங்கோ!"