வாய்க்கட்டு

முந்தின நாள் மகளிர் விழா நாடகத்தில் சூனியக்காரியாக நடித்த பாஹிமா டீச்சர், ஜன்னல் வழியே வாசலில் சுஹறா ராத்தாவைக் கண்டதும் கதவின் தாழ்ப்பாளை இன்னொரு தரம் சரிபார்த்தாள்.

நாடகத்தில், ஊரின் பெரிய வயல்காரரான போடியாரின் மனைவியைச் சூனியத்தால் பேசவிடாமல் செய்த அவளை ஊர் கூடித் துரத்தும் கட்டத்தில், பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் எழும்பிவிட்டார்கள். பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்று, "இவள் மெய்யாவே சூனியக்காரிதான்! இவள்ட வாசலை ஒருத்தியும் மிதிக்கப்படாது!" என்று முதலில் கத்தியவள் சுஹறாதான். பிறகு மண்டபம் முழுக்க அதே கூச்சல். ஒருத்தி மயங்கி விழ, அதைப் பார்த்து இன்னும் சிலர் விழுந்தார்கள். மேடைக்குச் செருப்பும் பறந்து வந்தது.

பாஹிமா கதவைப் பாதி மட்டும் திறந்தாள்.

"வல்லாஹி, அது வெறும் நடிப்பு ராத்தா. எனக்குச் சூனியம் கீனியம் ஒண்டும் தெரியா."

சுஹறா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"நாடகத்துல போடியார்ட பொண்டாட்டிக்கு வாயைக் கட்டினீங்களே டீச்சர், அதே மாதிரி என்ட மருமகன்ட உம்மாக்கும் ஒருக்கா கட்டித் தாங்க. அவ கதைக்கத் தொடங்கினா ஊட்டுல மனிசர் இருக்கேலாது."

பாஹிமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அப்ப நேத்து ஏன் ராத்தா, ஒருத்தியும் என்ட வாசலை மிதிக்கப்படாதெண்டு கத்தினீங்க?"

"பின்ன? அவவும் எனக்குப் பக்கத்துலதானே இருந்து பார்த்தா! நான் கத்தாட்டி, எனக்கு முந்தி இஞ்ச வந்து என்ட வாயைக் கட்ட வெச்சிருப்பாவே!"