மண்ணு சாரின் பாடம்

"மண்ணியல் பாடத்தை எடுத்துடலாம் மேடம். வருங்காலத்துக்கு அது தேவையில்ல."

மூன்றாமாண்டு மாணவி இப்படிச் சொன்னதும், அறையில் இருந்த எல்லோருடைய பார்வையும் மேஜையின் கடைசி நாற்காலிக்குப் போனது.

அங்கே மண்ணு சார் உட்கார்ந்திருந்தார்.

கட்டடப் பொறியியல் துறையில் மண்ணியல் என்றால் அவர்தான். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர், சக ஆசிரியர்களின் வாயிலும் ஒட்டிக்கொண்டது. நாளாக ஆக அவருக்கே அது பிடித்தும் போயிருந்தது.

துறைத் தலைவிக்குச் சுருக்கென்றது. புதிய பாடத்திட்டத்தை மாணவர்களையும் கூட வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும், அவர்களும் பங்குதாரர்கள் என்று மேலிடம் சொல்லியிருந்தது. பங்காளிச் சண்டை வரும் என்று சொல்லவில்லை.

நாலு பிள்ளைகளை உட்கார வைத்து, போட்டோ எடுத்து, டீ கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

"அஸ்திவாரம் போடற மண்ணைப் பத்தித் தெரியாம எப்படிம்மா கட்டடம் கட்டுவ?"

"வடிவமைப்புப் பாடத்துல ஒரு பகுதியா சேர்த்துக்கலாம் மேடம். அதை நடத்தற மேடமே இதையும் நடத்திடலாம். தனிப் பாடமா வேண்டாம்."

"இது உன்னோட யோசனையா?"

"வகுப்புல எல்லாரும் பேசித்தான் சொல்றோம்."

மண்ணு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பாடத்தை இந்தத் துறைக்காக முதன்முதலில் எழுதியவரே அவர்தான்.

"நான் நடத்தறது புரியலையாம்மா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"புரியுது சார். நல்லாவே புரியுது." அவள் தலையைத் தூக்கவில்லை. "பாடம்தான் பழசாயிடுச்சு."

"பிள்ளைங்களே வேண்டாம்னா எடுத்துடுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். டீயைத் தொடவே இல்லை.

கூட்டம் பாதியிலேயே கலைந்தது.

துறைத் தலைவி அவளை மட்டும் தன் அறைக்கு வரச் சொன்னார்.

"போன வருஷம் உங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ உனக்கு வருகை குறைஞ்சு போச்சு. பரீட்சை எழுத விடக்கூடாதுன்னு நானே சொன்னேன். அப்போ என் முன்னால வந்து நின்னு மன்றாடினது யாரு?"

"சார்தான் மேடம்."

"அது ஞாபகம் இருக்குதானே? இருந்தும் நாலு பேர் முன்னால அவர் நெஞ்சுல ஏறி மிதிச்சிருக்க."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

துறைத் தலைவி ஜன்னல் வழியே பார்த்தார். வெயிலில், வாசலுக்கும் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் நடுவே மண்ணு சார் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் கொஞ்சம் நடந்தார். திரும்பி வந்து அதே இடத்தில் நின்றார்.

மனுஷன் எவ்வளவு நொந்துபோயிருக்கிறார் என்று துறைத் தலைவி நினைத்துக்கொண்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"என்ன?"

"பாடத்தை எடுத்துட்டா சாருக்கு வேற வேலை குடுப்பீங்கதானே? லேபைப் பாத்துக்கறது மாதிரி. வீட்டுக்கு அனுப்பிட மாட்டாங்களே?"

"குழியையும் வெட்டிட்டு, அடி படுமான்னு விசாரிக்கறியா?"

அவள் கண் கலங்கியது. துறைத் தலைவி அதைக் கண்டுகொள்ளவில்லை.

"பாடம் அப்படியே இருக்கும். அவர்தான் நடத்துவார். இனிமே கூட்டத்துக்கு நீ வர வேண்டாம். வேற பிள்ளைய அனுப்பச் சொல்லிக்கறேன். நீ கெளம்பு."

அவள் கிளம்பவில்லை. திறந்திருந்த கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தாள்.

"அவரே நடத்தினா அடுத்து வர்ற பிள்ளைங்க புகார் குடுத்துடுவாங்க மேடம். எங்களுக்குத்தான் மனசு வரலை. அதான் பழியைப் பாடத்து மேல போட்டோம்."

"புகாரா? மண்ணு சார் மேலயா? எதுக்கு?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவர் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு மாசமா சார் தினமும் 'இன்னிக்குப் புதுப் பாடம்'னு சொல்லி, அதே ஒரு பாடத்தைத்தான் மேடம் நடத்தறார். நாங்களும் தினமும் புதுசா கேக்கற மாதிரி எழுதிக்கறோம்."