பதினைந்து நாள் இடிக்கிறது

மருத்துவச்சி உள்ளறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அஞ்சு முடிஞ்சிருச்சு கங்காணியாரே. தலப்பிள்ள, வயிறு சின்னதாத்தான் தெரியும். ஆனா அஞ்சு முடிஞ்சிருச்சு."

வெற்றிலைக்காகக் காத்து நின்றாள். நான் தட்டைத் தொடவில்லை.

அன்று மார்கழி பதினெட்டு. ஐந்து மாதம் பின்னால் போனால் ஆடிப் பதினெட்டு. பெருக்கு நாள்.

புதிதாகக் கட்டிய பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். ஆடியில் தங்கும் கரு சித்திரையில் பிறக்கும். வீட்டுக்கு ஆகாது. மருமகள் சந்திரமதிக்குப் போகத் தாய்வீடு இல்லை. பெற்றவர்கள் இருவரும் இதே தோட்டத்தில் மலைக்காய்ச்சலில் போனவர்கள். அதனால் என் மகன் அர்ச்சுனனைத்தான் சாஆ தோட்டத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். ஆடி முதல் தேதி போனவன் ஆவணி முதல் தேதிதான் இந்த வாசலில் கால் வைத்தான். நடுவில் ஒரு நாளும் அங்கே அவன் வேலைக்குத் தவறவில்லை என்று தங்கை புருஷன் சொல்லியிருந்தான்.

பதினைந்து நாள் இடிக்கிறது.

பதினைந்து நாள் இடித்தால் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

நூற்றெண்பது பேரை ஊரிலிருந்து கூட்டி வந்து இந்த ரப்பர்க் காட்டில் நிறுத்தியவன் நான். துரையே என்னை நிற்க வைத்துப் பேசமாட்டார். என் வீட்டைப் பற்றிக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் இதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை.

"பெட்டியக் கட்டு" என்றேன். "அர்ச்சுனன் ஸ்டோர்லேருந்து வர்றதுக்குள்ள மாட்டு வண்டியில ஏறிடணும். சிகாமட் ரயிலடியில விட்டுடுவாங்க. அப்புறம் ஒம்பாடு."

சந்திரமதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் மாமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் மருத்துவச்சி பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தானாக ஒரு கதை கட்டி லயத்துக்குக் கொண்டு போவதைவிட நானே சொல்லி, வாயை மூடு என்று எச்சரிப்பது மேல்.

"ஆடிப் பெருக்கன்னிக்கு ஒம்புருஷன் எங்க இருந்தான்? வயித்துல இருக்கிறது யாரோடது?"

அவள் அழவில்லை. உள்ளே போனாள். பெட்டி கட்டப் போகிறாள் என்று நினைத்தேன். என் அலமாரியிலிருந்து பெரட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து என் முன்னால் பலகையில் வைத்தாள். காலைப் பெரட்டில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று நான் எழுதும் புத்தகம். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பிரிக்காமலே பேசினாள்.

"பெருக்குக்கு முந்தின மூணு நாளு நான் பெரட்டுக்கு வரல. எம்பேருக்கு நேரா நீங்கதான் கோடு போட்டீங்க. நாலாம் நாளு வந்தப்ப, கங்காணி மருமவளுக்கு மட்டும் என்னடி ஓய்வுன்னு அத்தன பேரு முன்னாடியும் கேட்டீங்க. பெருக்கன்னிக்குக் காலையில தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் மாமா வந்தேன்."

பிரித்தேன். ஆடி பதினைந்து, பதினாறு, பதினேழு. மூன்று கோடு. என் மை.

"அப்ப குளிச்ச அன்னைக்கேதான் கரு தங்கி..." என்று தொடங்கினேன்.

மருத்துவச்சி சிரித்துவிட்டாள்.

"நல்லாருக்கே கத! மாசம் எண்ணுறது குளிச்ச நாள்லேருந்து கங்காணியாரே. புருஷன் பக்கத்துல வந்த நாள எங்ககிட்ட யாரு சொல்லுவா? பொம்பளைக்கு நெனப்புல நிக்கிறது குளிச்ச நாளுதான். கரு தங்குறது அதுக்கு அப்புறம், பத்து நாளோ பதினஞ்சு நாளோ கழிச்சு. ஒங்க மகன் ஆவணி ஒண்ணுல வந்தாரு. சரியாப் போச்சு."

நான் வெற்றிலைத் தட்டை அவள் பக்கம் தள்ளினேன். பேச்சு முடிந்தது என்று அதற்குப் பொருள். அவளுக்கு விளங்கவில்லை. பாக்கைக் கடித்துக்கொண்டே மேலும் சொன்னாள்.

"இந்தக் கைதானே ஒங்க மகன் அர்ச்சுனனுக்கும் பிரசவம் பார்த்துச்சு. அவுங்க ஆத்தாளுக்கு மூணு முடிஞ்சிருச்சுன்னு இதே எடத்துல நின்னு சொன்னேன். அப்பவும் குளிச்ச கணக்குத்தான்."

அவள் அப்படிச் சொன்ன அன்று, ஊரிலிருந்து ஆள் கூட்டிக்கொண்டு வந்து நான் சிங்கப்பூரில் கப்பல் இறங்கி இரண்டரை மாதம் ஆகியிருந்தது.

மூன்று முடிந்தது என்றாள். பதினைந்து நாள் இடித்தது.

நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் லயத்துக்குப் போகும். வீட்டை விட்டு அனுப்பவும் இல்லை. அனுப்பினாலும் போகும். அன்றோடு என் மனைவியிடம் பேச்சை நிறுத்தினேன். அவ்வளவுதான். குடும்ப மானத்தை அப்படித்தான் காத்தேன்.

"ஏங்க?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள்.

பதினெட்டு வருஷம் எனக்குச் சோறு வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போனாள். அன்றைக்கும் ஊர் பார்க்கச் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

"பெட்டி கட்ட வேணாம்" என்றேன்.

"நான் கட்டவே இல்லையே மாமா" என்றாள் சந்திரமதி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெளியே சைக்கிள் வந்து நின்றது. அர்ச்சுனன். முன்வாசலில் நான் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும், எப்போதும்போலத் தலையைக் குனிந்துகொண்டு வீட்டைச் சுற்றிப் பின்வாசலுக்குப் போனான்.

கூப்பிட வாய் திறந்தேன். அவன் திரும்பவில்லை.

அவனை அப்படித்தான் வளர்த்திருந்தேன்.