மோட்டாருக்கு வந்த போன்

மலேசியா போன மனுஷன் பெண்டாட்டிக்குப் போன் போடாமல் மோட்டாருக்குப் போட்டால், எந்தப் பெண்டாட்டி சும்மா இருப்பாள்?

கொளஞ்சியம்மாள் சும்மா இருக்கவில்லை.

புருஷன் தங்கதுரை முதல் முறையாக விமானம் ஏறியிருந்தார். உளுந்தூர்பேட்டை டூர்காரர்களோடு பத்துமலை முருகனைப் பார்க்கப் பயணம். "எறங்கின ஒடனே போன் போடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

விடிந்து எட்டு மணியாகியும் போன் வரவில்லை. இவள் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். சென்னையில் இருக்கும் மகன் அஜித்துக்கும் தகவல் இல்லை. மனுஷனுக்குச் சர்க்கரை வேறு.

கொளஞ்சியம்மாள் காபிகூடக் குடிக்காமல், தீபாவளிக்கு அஜித் வாங்கிக் கொடுத்த டச் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பக்கத்துக் கொல்லைக்காரி தங்கமணி ஓடி வந்தாள்.

"அக்கா, ஒங்க மோட்டாரு ஓடிக்கினு கீது. மரவள்ளிக்குத் தண்ணி பாயுது. யாரு போட்டது?"

யாரும் போடவில்லை. மோட்டார் கொட்டாயில் ஒரு பெட்டி இருக்கிறது. பொங்கல் கழித்து மாட்டியது. அதற்குள் ஒரு சிம் கார்டு. அந்த நம்பருக்கு எங்கிருந்து ரிங் விட்டாலும் மோட்டார் ஓடும். நிறுத்துவது மட்டும் கையால். அது எந்த நம்பர் என்று வீட்டில் தெரிந்தது தங்கதுரைக்கு மட்டும்தான்.

"அப்போ மாமா நல்லபடியா போய்ச் சேந்துட்டாரு" என்றாள் தங்கமணி.

நியாயமாகப் பார்த்தால் நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ கோபம்தான்.

"எனக்கு ஒரு போனு இல்ல. மோட்டாருக்குப் போட்டுகிறாரு."

"மோட்டாருக்கு மிஸ்டு கால் குடுத்தா போதும்க்கா. ஒங்ககிட்டன்னா பேசணும் இல்ல?"

"எனக்கும் ஒரு மிஸ்டு கால் குடுக்கறதுதான? உசுரோட கீறாருன்னு தெரிஞ்சிக்குவேன்."

கொல்லைக்குப் போய் மோட்டாரை நிறுத்தினாள். கல்ராயன் மலைப் பக்கமிருந்து வந்த மழையில் நனைந்த ஈரமே இன்னும் காயவில்லை. இதற்கு மேல் தண்ணீர் பாய்ந்தால் கிழங்கு அழுகிவிடும்.

வரப்பு தாண்டுவதற்குள் மோட்டார் மறுபடி ஓடியது.

திரும்பிப் போய் நிறுத்தினாள். பத்து நிமிஷத்தில் மறுபடி ஓடியது. மறுபடி நிறுத்தினாள். மறுபடி ஓடியது.

"முப்பது வருசமா இந்தக் கொல்லையத்தான் கட்டிக்கினு கீறாரு. நான் சும்மா ஒப்புக்கு."

சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. பெட்டியைத் திறந்து சிம்மைப் பிடுங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள். நேராக நைனார்பாளையம் கடைத்தெருவுக்கு நடந்தாள். வேடிக்கை பார்க்கத் தங்கமணியும் கூடவே போனாள்.

கவுஸ் பாஷாவின் செல்போன் கடை. அந்தப் பெட்டியை மாட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

"பாய், இந்த சனியன நீயே வெச்சிக்க. இனிமே எங்க கொல்லைல பெட்டியும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

"இன்னாம்மா ஆச்சி?"

ஒன்று விடாமல் சொன்னாள். ரீசார்ஜ் பண்ண நின்றிருந்த இரண்டு பேர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள்.

"இரும்மா. யாரு கூப்புடறாங்கன்னு பாத்துடலாம்" என்று பாய் அந்தச் சிம்மை ஒரு போனில் போட்டார்.

போட்டதும் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். பாய் போனை அவளிடம் நீட்டினார்.

"இன்னாங்க, மோட்டாரு நல்லா கீதான்னு கேக்கறீங்களா? நல்லா கீது. அதுகிட்டயே பேசிக்கங்க."

அந்தப் பக்கம் பெரிய மூச்சு.

"அப்பாடா, கொளஞ்சி. காலைலேருந்து இதுக்குத்தான் தவிச்சிக்கினு கீறேன்."

"எதுக்கு?"

"பழைய பட்டன் போன மெட்ராஸ்ல செக்கிங் தட்டுலயே வுட்டுட்டு பிளேன் ஏறிட்டேன். இங்க எறங்கி, பாஸ்போர்ட்டக் காட்டி புதுப் போனு, புதுச் சிம்மு எல்லாம் வாங்கினேன். கடைல இருந்தது நம்ம தமிழ்ப் பொண்ணுதான். 'ஊருக்குப் பேசுங்க அங்கிள்'னு போனக் கையில குடுத்துச்சு. யாருக்குப் பேசறது? ஒருத்தரு நம்பரும் நெனப்பு இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் மனப்பாடம்."

"மோட்டாரு நம்பர்."

"ஆமா. மோட்டாரு வுடாம ஓடினா ஒனக்குக் கோவம் வரும். கோவம் வந்தா சிம்மப் புடுங்குவ. புடுங்கினா பாய் கடைக்குத்தான் எடுத்துக்கினு போவ. பாய் அத ஒரு போன்ல போட்டுப் பாப்பாரு. அதான் வுடாம ரிங் வுட்டேன்."

இப்போது கடையில் யாரும் சிரிப்பை அடக்கவில்லை. தங்கமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கொளஞ்சியம்மாளுக்கே சிரிப்பு வந்தது. அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கத்தான் மனசில்லை.

"எல்லாம் சரி. மோட்டாரு நம்பர் மனப்பாடம். கட்டினவ நம்பரு மட்டும் நெனப்பு இல்லையா?"

பாய் மட்டும் கல்லாப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

"அடியே, அஜித்து டச் போன் வாங்கியாந்த அன்னிக்கு, புது நம்பரு வந்துட்டுதுன்னு நீ ஒரு சிம்மக் கழட்டிக் கடாசினியே, எனக்குத் தூக்கிப்போட மனசு வரல. பாய்கிட்ட குடுத்துப் பெட்டில போடச் சொன்னேன். நீ மோட்டாரு நம்பர்ன்றியே, அது பதினஞ்சு வருசமா நான் போட்டுக்கினு இருந்த ஒன் நம்பர்."